மூன்று நாள் மௌனம் யாருக்காக?

ஒரு படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணையத்தில் யாரும் அதை விமர்சிக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். 2024 டிசம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைத்த கோரிக்கை இது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் தரப்பு திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களின் வசூலை முதல் நாள் விமர்சனங்கள் கெடுத்துவிட்டன என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

ஏன் மூன்று நாள்? பெரிய நடிகரின் படத்துக்கு வசூலே அந்த மூன்று நாளில்தான் அடங்கியிருக்கிறது. ஊரிலுள்ள எல்லாத் திரையிலும் அதே படம். டிக்கெட் முன்பதிவிலேயே விற்றுவிடுகிறது. படம் சரியில்லை என்ற பேச்சு பரவுவதற்குள் கல்லா நிரம்பிவிட வேண்டும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் டீசர், டிரெய்லர், பாடல் வெளியீட்டு விழா, தொலைக்காட்சிப் பேட்டி என்று "இப்படியொரு படம் வந்ததே இல்லை" என இவர்கள் சொல்லலாம். காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவன் "ஏமாந்துவிட்டேன்" என்று சொல்ல மட்டும் மூன்று நாள் காத்திருக்க வேண்டுமாம். ஒரு நாள் கூலியில் பாதியைக் கொடுத்துக் குடும்பத்தோடு படத்துக்குப் போகிறவருக்கு, போவதற்கு முன்பு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

விமர்சனங்கள் பொய்யா என்பதற்குத் தயாரிப்பாளர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 'இந்தியன் 2' நீளம் என்று எல்லோரும் சொன்னார்கள். வெளியான சில நாள்களில் 12 நிமிடங்களை வெட்டி எறிந்தார்கள். 'கங்குவா'வின் இரைச்சல் காதைக் கிழிக்கிறது என்றார்கள். ஒலி அளவைக் குறைக்கச் சொல்லித் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார் அதன் தயாரிப்பாளர். அதிலும் பிறகு 12 நிமிடம் வெட்டப்பட்டது. குறை இல்லாத படத்தில் கத்தரி எதற்கு? அந்த மூன்று நாள் தடை இருந்திருந்தால், வெட்டப்படாத படத்தையும் குறைக்கப்படாத இரைச்சலையும் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்வது பார்வையாளரின் தலைவிதியாக இருந்திருக்கும்.

ஆகவே கடுமையாக விமர்சிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் கடுமை வேறு, வன்மம் வேறு. நடிகரின் உயரத்தையும் நிறத்தையும் கேலி செய்வது, அவர் வீட்டுப் பெண்களை இழுத்து மீம் போடுவது, படத்தைப் பார்க்காமலே எதிர் நடிகரின் ரசிகர்கள் திட்டித் தீர்ப்பது, இதெல்லாம் விமர்சனக் கணக்கில் வராது. உடம்பைக் கேலி செய்வதன் வலி என்னவென்று சாதியச் சமூகத்தில் வளர்ந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'கங்குவா' கிழித்துத் தொங்கவிடப்பட்டபோது நடிகை ஜோதிகா ஒரு கேள்வி கேட்டார். முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தம் அதிகம் என்பதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் இரட்டை அர்த்த வசனமும் நிறைந்த பெரிய படங்கள் வந்தபோது இந்தக் கோபம் எங்கே போயிருந்தது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால், அதற்காகக் 'கங்குவா'விடம் மென்மையாக நடந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தப் படங்களிடமும் இதே கடுமையைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் தமிழ் சினிமா விமர்சனத்தின் அளவுகோலைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. திரைக்கதை தொய்வா, கிராபிக்ஸ் மட்டமா, இசை எடுபடவில்லையா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. சாதிக்கு மட்டும் அந்தத் தாளில் இடமில்லை. 1992இல் வந்த 'தேவர் மகன்' ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. இன்றுவரை திரைக்கதைக்குப் பாடமாகச் சொல்லப்படுகிறது. அது யாருக்குப் பெருமிதமாகவும் யாருக்கு அச்சமாகவும் ஊர்களில் புழங்கியது என்ற கேள்வி நட்சத்திரம் போடும் விமர்சகர்களின் கணக்கில் வரவே இல்லை. 31 ஆண்டுகள் கழித்து, 2023இல், 'மாமன்னன்' மேடையில் கமல்ஹாசன் முன்னிலையில் மாரி செல்வராஜ் அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியைப் பேசினார். வசை யாருக்குக் கிடைத்தது? பேசியவருக்கு.

தோற்ற படங்களிலும் இதே கதைதான். 'இந்தியன் 2' பழைய சரக்கு என்று சிரித்தார்கள். ஊழலை ஏதோ தனிமனிதப் பேராசையாகச் சுருக்கி, அவரவர் வீட்டைச் சுத்தம் செய்தால் நாடு சுத்தமாகிவிடும் என்று அது போதித்ததே, அதைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு. 'கங்குவா' எதிரிக் குலத்தை ரத்தவெறி பிடித்த கூட்டமாகக் காட்டியது. பழங்குடி என்றாலே இப்படித்தானா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

சாதி ஒழிப்பைப் பேசும் படம் வந்தால் மட்டும் விமர்சகருக்குத் திடீரென்று அரசியல் தெரிகிறது. "பிரச்சாரம்", "எப்போதும் சாதியா?" என்று அலுத்துக்கொள்கிறார். ஆண்ட பரம்பரைப் பெருமை பேசிய படங்களில் தெரியாத பிரச்சாரம் இங்கே மட்டும் கண்ணை உறுத்துகிறது. ஆதிக்கச் சாதி இயக்குநரின் படம் ஓடாவிட்டால் அது அவருடைய தோல்வி. நம்மவரின் படம் ஓடாவிட்டால் அது நம் அரசியலின் தோல்வி. அடுத்து வரும் இளைஞர் கதை சொல்லப் போனால், "சாதிப் படம் வேண்டாம் தம்பி" என்று கதவைச் சாத்த அதுவே சாக்காகிறது.

இந்த அச்சம் உண்மையானது. அதனால்தான் நம்மில் பலர் நம் படங்களின் குறையை வெளியே பேசத் தயங்குகிறோம். 2024 ஆகஸ்டில் 'தங்கலான்' வந்தபோது, வசனம் புரியவில்லை, இரண்டாம் பாதி சிதறுகிறது என்று சொன்னவர்களில் வன்மத்தோடு சொன்னவர்களும் இருந்தார்கள், அக்கறையோடு சொன்னவர்களும் இருந்தார்கள். இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்து "சாதி வெறியர்கள்" என்று முத்திரை குத்திய தோழர்களும் உண்டு. அது படத்துக்கும் உதவவில்லை, இயக்கத்துக்கும் உதவவில்லை. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச் செல்லும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்த எச்சரிக்கை நாம் நேசிக்கும் இயக்குநர்களுக்கும் பொருந்தும். மூன்று நாள் மௌனம் கேட்கும் முதலாளியை எதிர்த்துக்கொண்டே, நம் படத்துக்கு மட்டும் நிரந்தர மௌனம் கேட்பது என்ன நியாயம்?

நல்ல நோக்கம் மோசமான காட்சிக்கு மன்னிப்பு ஆகாது. நல்ல காட்சி சாதித் திமிருக்கு மன்னிப்பு ஆகாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த விமர்சகர்கள் நமக்கு வேண்டும். யூடியூபிலோ முகநூலிலோ எழுதும் தோழர்கள், அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு படம் ஏமாற்றினால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஏமாற்றியது, யாரை இழிவுபடுத்தியது, யாரைக் காட்டாமலே விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மவர் படமாக இருந்தாலும் சொல்லுங்கள்.