கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் திரை

தீ சுடும், புகை மூக்கை உறுத்தும். கதிர்வீச்சுக்கோ நிறமில்லை, மணமில்லை, ஓசையுமில்லை. அணுஉலையில் பணியாற்றும் ஒருவர் தம் உடலை அது ஊடுருவிச் செல்வதை எப்புலனாலும் அறிய இயலாது. புலன்கள் கைவிடும் இடத்தில் தொழிலாளருக்கு அறிவே துணை. அவ்வறிவை ஊட்டுவதற்கென்றே கதிர்வீச்சுப் பாதுகாப்புப் படங்கள் எடுக்கப்படுகின்றன. எனினும், கையுறை அணியும் முறையைக் காட்டுவதோடு ஒரு படம் நின்றுவிட்டால், அது பாதிக் கடமையையே செய்ததாகும்.

இத்துறையின் அடிப்படை விதிகள் மூன்று: காலத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையே தடுப்பு அமைத்தல். கதிர்வீசும் சிறு பொருளிலிருந்து இருமடங்கு தொலைவு விலகினால், கதிர்வீச்சின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். விதியை மனப்பாடம் செய்வது எளிது. அது மனத்தில் பதிய நிகழ்ச்சி ஒன்று வேண்டும்.

1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் எஸ்.எல்-1 என்னும் சிறிய இராணுவ அணுஉலை வெடித்தது. பராமரிப்புப் பணியின்போது, நடுவிலிருந்த கட்டுப்பாட்டுத் தண்டு கையால் அளவுமீறி உயர்த்தப்பட்டதே காரணம். மூவர் உயிரிழந்தனர். அவர்களை மீட்கச் சென்றோர் ஒரு நிமிட அளவே உள்ளே நிற்க இயன்றது. அந்நாட்டு அணுசக்தி ஆணையம் இவ்விபத்தை மறைக்காமல் விளக்கப்படமாகவே எடுத்தது. நேர்ந்த தவற்றைத் திரையில் காட்டும் துணிவு பாராட்டத்தக்கது. 'காலத்தைக் குறை' என்னும் விதியின் பொருளை அந்த ஒரு நிமிடம் உணர்த்துவதுபோல எந்தப் பாடமும் உணர்த்தாது.

தொழிலாளருக்கு ஆணையிட்டால் போதும், அறிவியல் அவர்களைக் குழப்பும் என்று கருதுவோர் உளர். அக்கருத்துக்கு ஜப்பானின் டோகைமுரா விடையளிக்கிறது. அங்கிருந்த எரிபொருள் ஆலையில், 1999 செப்டம்பர் 30 அன்று, தொழிலாளர்கள் யுரேனியக் கரைசலை எஃகு வாளிகளால் வீழ்படிவுத் தொட்டியில் ஊற்றினர். அத்தொட்டிக்கு விதிக்கப்பட்ட வரம்பு 2.4 கிலோகிராம் யுரேனியம். சேர்ந்ததோ ஏறத்தாழ 16 கிலோகிராம். நீலஒளி மின்னியது. தொடர்வினை ஏறக்குறைய 20 மணி நேரம் நீடித்தது. கடும் கதிர்வீச்சுக்கு ஆளான மூவருள் இருவர், பல வாரங்கள் போராடிய பின் இறந்தனர்.

அவர்களை அலட்சியக்காரர் என்பது நியாயமன்று. வேலையை விரைவுபடுத்த, ஒப்புதல் பெறாத வாளி முறையை நிறுவனமே முன்னர் வகுத்திருந்தது. ஆகவே இத்தகைய படங்களை மேலாளர்களும் முதல் வரிசையில் அமர்ந்து காணவேண்டும். காரணம் கூறாத ஆணை, வேலை நெருக்கும் நாளில் எளிதில் கைநழுவும். தொழிலாளரைக் குற்றவாளியாக்கும் படமோ நிறுவனத்தின் பிழையை மூடிவிடும்.

ஒப்புதல் பெற்ற கலன் குறுகி உயர்ந்தது. நியூட்ரான்கள் அதன் பக்கங்கள் வழியே வெளியேறிவிடும். அன்று பயன்படுத்திய தொட்டியோ அகன்றது. அதனைச் சூழ்ந்திருந்த குளிர்விக்கும் நீரும் நியூட்ரான்களை உள்ளே திருப்பியது. ஒரே கரைசல், கலனின் வடிவம் மாறியதும் கொல்லும் பொருளாயிற்று. இதனைப் படம் வரைந்து விளக்க இரண்டு நிமிடம் போதும். அவ்விளக்கம் அம்மூவருக்கும் உரியவாறு கிடைத்திருக்கவில்லை.