மதர்போர்டை மாற்றுமுன் ஒரு வரி

லேப்டாப் திடீரென்று உறைந்து நிற்கிறது. மவுஸ் அம்பு நகரவில்லை. கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி திறந்து லாக் கோப்பைத் துழாவினால் அதில் ஒன்றுமே இல்லை. கடைக்காரர் முதலில் ராம் மாற்றச் சொல்வார், அப்புறம் மதர்போர்டு போய்விட்டது என்பார். நண்பனோ "லினக்ஸ் போட்டா இப்படித்தான்டா" என்று முடித்துவிடுவான். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

இன்டெல் 2013ல் கொண்டுவந்த பே டிரெயில் பிராசசர்களை எடுத்துக்கொள்வோம். செலரான் என்2840 அந்த ரகம்தான். விலை குறைந்த லேப்டாப்களில் நிறைய வந்தது. லினக்ஸில் இவை உறைகிற விவகாரம் 2015 இறுதியில் கர்னல் பிழைப் பட்டியலில் 109051 என்ற எண்ணில் ஏறியது.

வேலை இல்லாத நேரத்தில் பிராசசர் தூங்கும். சி1 என்பது கோழித்தூக்கம். சி6 கும்பகர்ணத் தூக்கம். கோர் தன் நிலையைச் சேமித்து வைத்துவிட்டு மின்சாரத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிடும். பேட்டரி நிற்பதற்கு இதுதான் காரணம், வம்பு வருவதும் இங்கேதான். இன்டெலின் பிழைத்திருத்த ஆவணத்திலேயே விஎல்பி52 என்று ஒரு குறிப்பு உண்டு. ஒரு இன்டரப்டைக் கவனித்து முடிக்குமுன் கோர் சி6க்குப் போய்விட்டால், "முடிந்தது" என்ற செய்தி போகாமலே நின்றுவிடலாம். பின்னால் வரும் இன்டரப்டுகள் வாசலிலேயே காத்துக் கிடக்கும். எல்லா உறைவுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குறை சிப்பிலேயே இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விண்டோஸில் நன்றாக ஓடுகிறதே என்பதும் வாதமாகாது. எப்போது, எவ்வளவு ஆழமாகத் தூங்க வைப்பது என்பதை ஒவ்வொரு இயங்குதளமும் தன் போக்கில் முடிவு செய்கிறது.

சோதிக்கக் காசு வேண்டாம். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும். ராம் தேறிவிட்டால், கிரப் துவக்க வரியின் கடைசியில் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' (ஆங்கில எழுத்தில்தான்!) சேர்த்துப் பார்க்கலாம். ஒருநாள் உறையவில்லை என்றவுடன் குதிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை உறைகிற மெஷினுக்கு இரண்டு மூன்று வாரமாவது கொடுக்க வேண்டும்.

உறைவு நின்றுவிட்டாலும் அந்த வரியை அப்படியே விட்டுவிடுவது சோம்பேறித்தனம். ஆழ்ந்த தூக்கம் மொத்தமும் போய்விடுவதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சூடும் ஏறும். சிஸ்எப்எஸ்ஸில் ஒவ்வொரு தூக்கநிலைக்கும் 'டிஸேபிள்' என்றொரு கோப்பு இருக்கிறது. சி6க்கு உரியதில் மட்டும் 1 எழுதி, சி7ஐ விட்டுவைத்ததே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆவணத்தில் அச்சடித்துவிட்டோம் என்பதோடு சிப் கம்பெனியின் கடமை தீர்ந்துபோகிறது. லேப்டாப் வாங்கியவர் அந்த ஆவணத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வாரண்டி முடிந்த பிறகு மதர்போர்டுக்குப் பணம் கட்டுவது மட்டும் அவர்தான்.