மாநாட்டுப் பணத்துக்கும் மகமைக் கணக்கு வேண்டும்!

விருதுநகர்—

அகில உலக மாநாடு என்றால் முதலில் எழும்புவது அலங்கார வளைவு. அப்புறம் பந்தல், தோரணம், சீரியல் லைட். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மாலை, விருந்து, ஊர் சுற்றிக் காட்ட ஏ.சி. பஸ். ஐந்து நாள் ஊரே ஜே ஜே என்று இருக்கும். ஆறாம் நாள் பந்தல்காரர் கழியைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிடுவார்.

சரி, ஊருக்கு என்ன மிச்சம்?

இதை விருதுநகர்க்காரர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். வத்தல், பருப்பு, எண்ணெய் என்றால் "விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்ன?" என்று மற்ற ஊர்க்காரர்கள் பேப்பரைப் புரட்டிப் பார்த்த ஊர் இது. வரவு-செலவு இங்கே யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பிடி அரிசி

இந்த ஊரில் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அந்தப் பணத்தில் திருவிழாவும் நடந்தது, பள்ளிக்கூடமும் நடந்தது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். திருவிழா முடிந்து போச்சு. பள்ளிக்கூடம் நின்றது.

அரசாங்கம் மாநாட்டுக்குக் கொட்டுகிற பணமும் மகமை மாதிரிதான். பீடிக்கட்டு முதல் பிஸ்கட் வரை ஜனங்கள் கொடுக்கிற வரியில் சேர்ந்தது. மகமைக்கு வருஷா வருஷம் கணக்கு உண்டு. மாநாட்டுக்கு மட்டும் ஏன் கூடாது?

35 வருஷம்!

விருதுநகரில் இருந்து ஒரு மணி நேர பஸ் தூரம் மதுரை. 1981 ஜனவரியில் அங்கே ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னின்று நடத்தினார். அப்போது விருதுநகர் தனி மாவட்டம்கூட இல்லை; ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊர்.

சும்மா சொல்லக்கூடாது. அந்த மாநாட்டால் பலன் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆனால் மதுரைக்கென்று அறிவித்த உலகத் தமிழ்ச் சங்கம்? அதற்குச் சொந்தக் கட்டிடம் திறந்தது 2016-ல்! மாநாட்டு வருஷம் பிறந்த குழந்தைக்கு அப்போது 35 வயது.

கோவையில் 2010 ஜூனில் செம்மொழி மாநாடு. ஐந்து நாள் தடபுடல். அங்கே சொன்ன செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில்தான் திறந்தது. இடையில் ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. பூங்கா மட்டும் காத்துக்கொண்டே இருந்தது.

அரசாங்கத்தால் வேகமாக வேலை செய்ய முடியாதா? பேஷாக முடியும். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். ரஷியாவில் நடக்க வேண்டியது இங்கே வந்தது. மாநில அரசு ரூ.92 கோடிக்கு மேல் ஒதுக்கியது. நாலே மாதத்தில் எல்லாம் தயார்! உலகமே பாராட்டியது. விருந்தாளி வரும் தேதி என்றால் நாலு மாதம். ஊருக்குக் கொடுத்த வாக்கு என்றால் 15 வருஷம், 35 வருஷம். இது என்ன நியாயம்?

பணம் இல்லாமலும் மாநாடு நடந்திருக்கிறது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நாலாவது உலகத் தமிழ் மாநாடு. இலங்கை அரசு கைகொடுக்கவில்லை. ஊர் ஜனங்களே தெருத்தெருவாக அலங்கரித்து நடத்திக் காட்டினார்கள். கடைசி நாளில் போலீஸ் புகுந்து உயிர்ப்பலி ஆனது தனிச் சோகம். ஆனால் அந்த மாநாட்டை யாழ்ப்பாணம் இன்றும் "எங்கள் மாநாடு" என்கிறது. பணம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

சரவெடி

மாநாட்டை ஆதரிக்கிறவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. லாட்ஜ் நிரம்பும், டாக்சி ஓடும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பெட்டி பெட்டியாகப் போகும். அழைப்பிதழ், மலர், போஸ்டர் என்று சிவகாசி அச்சகங்களுக்கும் ஆர்டர் விழலாம். நல்லதுதான். ஆனால் அது சரவெடி வியாபாரம். வெடிக்கும்போது ஊரே திரும்பிப் பார்க்கும். அப்புறம் கூட்டுவதற்குக் காகிதம் கிடக்கும். சிவகாசிக்காரருக்கு இது தெரியாதா?

கலாசாரச் சுற்றுலா மாநாடு பெரிய நகரங்களுக்கு மட்டும் எழுதி வைத்ததும் அல்ல. 2023-ல் ஜி-20 நாடுகளின் சுற்றுலாக் குழு கட்ச் உப்புப் பாலைவனத்தில் கூடியது, சிலிகுரியில் கூடியது, ஸ்ரீநகரில் கூடியது. விருதுநகர் மாவட்டம் மட்டும் என்ன இளப்பம்? ஆண்டாள் கோவில் கோபுரம் இருக்கிறது. ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி இருக்கிறது. காமராஜர் வாழ்ந்த வீடு இருக்கிறது. 2022-ல் இருந்து வேம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் தோண்டத் தோண்டச் சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை என்று வந்துகொண்டே இருந்தது.

கேட்பது இவ்வளவுதான். மாநாட்டுக்குப் பணம் ஒதுக்குகிற அன்றைக்கே, அது முடிந்த பிறகு ஊரில் எது நிற்கும் என்று அரசாணையில் எழுத வேண்டும். எந்த மாதம் திறக்கும் என்றும் எழுத வேண்டும். பந்தலுக்கு எவ்வளவு, விருந்துக்கு எவ்வளவு, கக்கூசுக்கு எவ்வளவு என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் கணக்கு ஒட்ட வேண்டும். (வெளிநாட்டுக்காரர் ஒருவர் மறுபடி வருவதும் வராததும் பாதி அந்தக் கக்கூசில்தான் இருக்கிறது!)

கட்டினால் மட்டும் போதாது, நடக்க வேண்டும். விருதுநகர் புதிய பஸ் ஸ்டாண்டையே பார்க்கலாம். 1990-களில் கட்டியது. வருஷக்கணக்கில் பஸ் இல்லாமல் கிடந்து, 2024-ல்தான் உயிர் வந்தது. அரும்பொருட்காட்சிக்கு என்று ஒரு கட்டிடம் எழும்பி அதுவும் அப்படிப் பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? காவலாளி, வழிகாட்டி, கரண்ட் பில், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து வருஷப் பணத்தை முதலிலேயே பாங்கில் போட்டு வைக்க வேண்டும்.

வழிகாட்டி வேலையை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம். வேம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் அப்பா-அம்மா இருவருமே பட்டாசு ஆலைக்குப் போகிற வீடுகள் ஏராளம். காலையில் போனவர் சாயங்காலம் திரும்ப வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிற வீடுகள். அங்கே படித்துவிட்டு நிற்கிற ஒரு பெண்ணுக்கு, மருந்து வாடை இல்லாத மாதச் சம்பள வேலை அது. வெளிநாட்டு அறிஞர் வந்து சங்கு வளையலைப் பார்த்து வியப்பதற்கு முன்னால், அந்தப் பெண் அதைப் பார்த்திருக்க வேண்டும்.