கேட்கான் இல்லாத காருக்கும் பியுசி கிடைக்குது… நஷ்டம் யாருக்கு?

பழைய ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2004-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாடல். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 குதிரைத்திறன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஆசைக் கார். ட்யூனிங் கடைக்குப் போனதும் வரும் முதல் யோசனை இதுதான்: "கேட்கானைத் தூக்கிடலாம் சார், வண்டி நல்லா மூச்சு விடும்."

கொஞ்சம் பொறுங்க.

கேட்கான் என்று நாம் சுருக்கிச் சொல்லும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும் ஒரு டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள். அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சூடேறிய பிறகு கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும். இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோலில் இது கெட்டுப்போகும் என்பதால், ஈயமில்லாத பெட்ரோலும் அதோடு சேர்ந்தே வந்தது.

உண்மையில் பவர் கூடுமா?

டர்போ கார் என்றால் ஓரளவு கூடும். டர்போவுக்குப் பின்னால் இருக்கும் தடை குறைந்தால் அது சீக்கிரம் சுழலும்; ரீமேப்பும் சேர்ந்தால் வித்தியாசம் தெரியும். டர்போ இல்லாத காரில் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான்.

கூடவே கழற்றச் சொல்லும் மற்ற ஐட்டங்களில் அதுகூட இல்லை. இஜிஆர் வால்வு, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி எரியும் வெப்பத்தைக் குறைக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போது அது மூடியேதான் இருக்கும். அப்புறம் அதைக் கழற்றி என்ன லாபம்? பெட்ரோல் டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவைத் தூக்கினால், பார்க்கிங்கில் பெட்ரோல் வாசனை வரும். அவ்வளவுதான்.

கழற்றினால் குதிரை பாயும் என்ற நம்பிக்கை 1970-களின் அமெரிக்காவில் பிறந்தது. 1975-ல் கேட்கானோடு வந்த செவர்லே கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் 165 குதிரைத்திறன்தான். 1970-ல் அது 300. ஆனால் இடையில், 1972-ல், பவரை அளக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். சரிவில் ஒரு பங்கு வெறும் கணக்கு. மீதி, கம்ப்ரஷனைக் குறைத்ததாலும் அந்தக் காலத்து அடைசலான கேட்கானாலும் வந்தது. இன்றைய தேன்கூடு கேட்கானுக்கு அந்தக் கெட்ட பெயர் பொருந்தாது.

அப்புறம் பியுசி எப்படிக் கிடைக்குது?

விஷயமே இங்கேதான் இருக்கு. நம்ம ஊர் பியுசி சோதனையில் கார் நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடும். குழாயை உள்ளே விட்டு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் மட்டும் பார்ப்பார்கள். பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதம், 750 பிபிஎம். நன்றாக ட்யூன் செய்த இன்ஜின் கேட்கான் இல்லாமலே இதற்குள் வந்துவிட வாய்ப்பு உண்டு. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. அது இன்ஜின் பாரம் இழுக்கும்போதுதான் அதிகம் வரும். நின்றுகொண்டிருக்கும் காரில் அளந்தாலும் பெரிதாகச் சிக்காது. கீழே குனிந்து கேட்கான் இருக்கா என்று பார்ப்பதும் அந்தச் சோதனையில் இல்லை. கலிஃபோர்னியாவில் 1976 முதல் 1999 வரையிலான மாடல்களைப் பெரும்பாலும் உருளை மேல் ஓடவிட்டு அளக்கிறார்கள். பாகங்கள் இருக்கின்றனவா என்று கண்ணாலும் சரிபார்க்கிறார்கள்.

இந்த எளிய சோதனையாவது ஒழுங்காக நடக்கிறதா? 2025 ஏப்ரலில் டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, வரம்பைத் தாண்டிய 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்குச் சான்றிதழ் தரப்பட்டதாகச் சொன்னது. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகப் பதிவான சம்பவங்கள் 7,643.

சட்டம் மட்டும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றம் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ(4)-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறினால் பிரிவு 190(2) தனியாக வரும்: 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும்.

டெல்லிக்கும் உங்க காருக்கும் என்ன சம்பந்தம்?

டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார், 10 வருடம் தாண்டிய டீசல் கார் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஜூலை 1 முதல் இவற்றுக்கு எரிபொருளே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் இந்த உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்ற நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது. 2006-ல் அங்கே பதிவான ஆக்டேவியா ஆர்எஸ், பிஎஸ்-3. கேட்கான் பத்திரமாக இருந்தாலும் அதற்கு வழியில்லை. கேட்கானைக் கழற்றிய 2014 மாடல் பிஎஸ்-4 கார் தப்பிக்கும்.

அநியாயம்தான். "வயதைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள்" என்று பழைய கார் பிரியர்கள் கேட்பது நியாயம். ஆனால் புகையை நம்பி அளக்க முடியாதபோது, அரசு கையில் எடுப்பது ஆர்சி-யில் இருக்கும் தேதியை. கேட்கானைக் கழற்றிவிட்டு பியுசி வாங்கும் ஒவ்வொருவரும் அந்தத் தேதிக்கு ஒரு ஓட்டுப் போடுகிறார். டெல்லியில் இன்று நடப்பது நாளை பெங்களூருக்கோ சென்னைக்கோ வராது என்று யார் உத்தரவாதம் தருவார்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்கன்னா, விலை பேசும் முன் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். கேட்கான் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருந்தால், பழையது எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். அதில் இருக்கும் ரோடியம் அளவில் ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் கிராம் கணக்கில் தங்கத்தைவிட விலை அதிகம். கழற்றித் தந்தவர் அதைக் குப்பையில் போட்டிருக்க மாட்டார்.