விதை சுத்தமும் ஜாதி சுத்தமும்

2012-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி நமது தருமபுரியை அடுத்த நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய ஆதிதிராவிடர் காலனிகளில் 200-க்கு மேற்பட்ட வீடுகள் கொள்ளையிடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஜாதி விட்டு ஜாதி கலியாணம் செய்துகொண்டதே அத்தனைக்கும் மூலம். வீடு எரிந்த நெருப்பு அன்றைக்கே அணைந்துவிட்டது. ஆனால் அதை மூட்டிய எண்ணம் இன்னும் திண்ணையிலும் டீக்கடையிலும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. அது இப்போது சாஸ்திரம் பேச வெட்கப்பட்டு, விவசாயம் பேசுகிறது. "விதை கலந்தால் பயிர் கெடும், ரத்தம் கலந்தால் குலம் கெடும்" என்கிறது.

இது ஒன்றும் புதுச் சரக்கல்ல. வருணக் கலப்பு குலத்தை நரகத்தில் தள்ளும் என்று கீதையின் முதல் அத்தியாயத்திலேயே அர்ஜுனன் அழுகிறான். மனுவோ பத்தாவது அத்தியாயத்தில், எந்தக் கலப்பில் பிறந்தவனுக்கு எந்த இழிபெயர் என்று ஜாபிதாவே போட்டிருக்கிறான். இருக்கட்டும். விவசாயத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர்கள். நாம் சாட்சியை விசாரிப்போம்.

பாலக்கோட்டுப் பக்கம் வயலில் நிற்கும் ஆலைக்கரும்பைப் பாருங்கள். அது என்ன குலம்? 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே பார்பர் என்ற வெள்ளைக்காரர், இனிப்புள்ள பருங்கரும்பை, பேய்க்கரும்பு என்னும் நாணல் போன்ற காட்டுப் புல்லோடு கலக்கச் செய்தார். சாறும் குறைந்து, சக்கரையும் குறைந்து, ஆற்றங்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த புல் அது. அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918-ல் வட நாட்டுக் குடியானவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்குப் பின் வெங்கட்ராமன் அவர்கள் அந்த வேலையை விருத்தி செய்தார். பருங்கரும்பின் இனிப்பும் காட்டுப் புல்லின் வலுவும் ஒன்று சேர்ந்தன. இன்று உலகத்தில் ஆலைக்குப் போகும் கரும்பு ஏறக்குறைய அவ்வளவும் இம்மாதிரிக் கலப்பின் சந்ததியே ஆகும். ஜாதி சுத்தம் பேசுகிறவர் பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கி உண்கிறாரே, அதிலுள்ள சக்கரையின் குலம் கோத்திரம் என்ன? எந்தச் சாமியாவது சங்கர ஜாதிச் சக்கரை என்று துப்பியதுண்டா?

கலப்பில் பிறந்தவன் உயர்ந்தவன் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு ஜாதிப் பேச்சாகிவிடும். கரும்பும் பேய்க்கரும்பும் வெவ்வேறு இனம். அவை கலந்தே கெடவில்லை. மனிதரோ எல்லோரும் ஒரே இனம். ஆகையால் கலப்பினால் கேடு என்பதற்கு விதை சாட்சி சொல்லாது என்பதே நம் வாதம்.

நிற்க. படித்த புரோகிதர் சிலர் இப்போது வேறொரு தந்திரம் செய்கிறார்கள். "முன்னோர் அனுபவம் சந்ததியில் பதிகிறது என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதுதானே கர்மம்!" என்கிறார்கள். அந்த விஞ்ஞானம் சொல்வது என்ன? உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. ஒரு புத்தகம் போன்றது. ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்ற சிறு துணுக்கு அதன்மேல் அங்கங்கே ஒட்டுகிறது. எழுத்து மாறுவதில்லை. ஒரு பாடத்தின்மேல் "இதைப் படிக்காதே" என்று பென்சிலால் கோடு கிழிப்பது போன்றது அது. இரண்டு இனச் செடிகள் கலக்கும்போது இந்தக் கோடுகள் மாறுகின்றன. இங்கிலாந்துக் கடற்கரையில் அமெரிக்கப் புல் ஒன்றும் ஐரோப்பாப் புல் ஒன்றும் கலந்து ஸ்பார்டினா என்னும் இனத்தில் ஒரு புதுப்புல் உண்டாயிற்று. சோதித்த இடங்களில் 100-க்குச் சுமார் 30 வீதம் குறிகள் மாறியிருந்ததாக 2005-ல் கண்டார்கள். அந்தப் புல் நரகத்துக்குப் போகவில்லை. பெற்ற புற்களையும் மிஞ்சிச் சேற்று நிலத்தில் பரவிற்று.

செடிகளில் இக்குறிகள் சில தலைமுறை தாண்டுவதுண்டு. மனிதனிலோ கருவுண்டாகும் காலத்தில் அவற்றில் பெரும்பாகம் அழிக்கப்பட்டுப் புதிதாய் எழுதப்படுகிறது. 1944-45-ல் ஜெர்மன் படை ஹாலந்து தேசத்தைப் பட்டினி போட்டது. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களை 60 வருஷங் கழித்துச் சோதித்தபோது, ஒரு ஜீனின்மேல் மெத்தில் குறி குறைந்திருந்தது என்று 2008-ல் வெளியிட்டார்கள். அந்தக் குறியை மாற்றியது பிரமனா, பூர்வஜென்மப் பாவமா? பசி! பசியை உண்டாக்கியவன் துப்பாக்கி பிடித்த மனிதன்!

ஆகவே சேரிக் குழந்தையின் உடம்பில் ஏதேனும் குறி இருக்குமானால், அது அதன் பிறவிக் குற்றமல்ல. அதன் தாய்க்குக் கூலியும் சோறும் குடிதண்ணீரும் மறுத்தவர்களின் குற்றப் பத்திரிகை அது. மனிதன் எழுதியதை மனிதன் மாற்றலாம். கர்மம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு கிடக்கவேண்டும். பசி என்றால் சோறு போடவேண்டும். புரோகிதர் முன்னதைச் சொல்லுவதன் சூட்சுமம் இப்போது விளங்குகிறதா?

தோழர்களே! உங்கள் ஊரில் அடுத்த கலப்புக் கலியாணம் நடக்கும்போது ஒளிந்து வாழ்த்தாதீர்கள். முன்வரிசையில் போய் உட்காருங்கள். விதை கெடும் என்று எவனாவது சொன்னால், அவன் கையில் ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்து, "முதலில் இதைத் துப்பு, பிறகு பேசு" என்று சொல்லுங்கள்.