வெயில் நமது, வித்தை எவருடையது?

2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இந்நாடு இருளில் கிடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் கல்முனைக்கும் நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் மின்சாரந்தான் குறைந்ததேயன்றி வெயில் குறையவில்லை. டீசலுக்கு வரிசையில் நின்ற விவசாயியின் முதுகை அவ்வெயில் சுட்டது. அதனை மின்சாரமாக்கும் தகடோ பிறநாட்டில் செய்யப்பட்டு, டொலர் கொடுத்து வாங்கப்படுவது. டொலர் இல்லாத நாட்டுக்குத் தகடு எங்ஙனம் வரும்?

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சில வாசகர்க்கு வியப்பளிக்கலாம். ஒளி பட்டவுடன் ஒரு பொருளுக்குள் நிகழும் அசைவுகளைக் கணனியில் உருவமைத்துப் பார்க்கும் வித்தையை நம் மாணவர் கைப்பட ஆற்றிக் கற்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. வேளாண்மைக்காரன் மகனுக்கு இது எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களுக்குத்தான் இதனை எழுதுகின்றோம்.

சூரிய ஒளி ஒரு குறைகடத்தியின்மேல் விழும்போது அதிலுள்ள இலத்திரன் சக்தி பெற்று எழுகின்றது. இதனையே நம் உயர்தர வகுப்பு நூல்கள் அருட்டப்பட்ட நிலை என்கின்றன. எழுந்த இலத்திரன் தன் மேலதிகச் சக்தியை வெப்பமாக இழந்துவிடலாம். தான் விட்டுவந்த வெற்றிடத்தில் மீண்டும் விழுந்து மறையலாம். அதற்கு முன்னரே கம்பியை அடைந்து மின்னோட்டமாகலாம். இம்மூன்றில் எது முந்துகின்றது என்பதில்தான் தகட்டின் பயன் முழுவதும் தங்கியிருக்கின்றது. ஒற்றைச் சந்தியுடைய சாதாரண மின்கலம், தன்மேல் விழும் சூரிய சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மேல் மின்சாரமாக்க இயலாது என்று ஷொக்லியும் குவைசரும் 1961இல் கணக்கிட்டனர். மிகுதியில் பெரும்பகுதி போவது இவ்வோட்டப் பந்தயத்தின் தோல்வியிலேயே.

பந்தயத்தின் தொடக்கம் கண்ணுக்கு எட்டாத வேகமுடையது. ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூற்றுக்குப் பெம்டோ செக்கன் என்று பெயர். அத்தகைய கூறுகளில் எண்ணப்படும் நிகழ்ச்சியைக் கணனியில் படிப்படியாக நடத்திக் காண்பதற்கு வழி திறந்தது ரூங்கேயும் குரொஸ்ஸும் 1984இல் நிறுவிய தேற்றம். இன்று அதற்கான மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, யாம்போ, ஒக்டோபஸ் என்பன அவற்றுட் சில. உரிமப் பணம் கேட்பார் இல்லை. பெரிய ஆராய்ச்சிக்குப் பெரிய கணனித் தொகுதி வேண்டும் என்பது மெய்யே. ஆனால் கற்றுக்கொள்வதற்குச் சாதாரணக் கணனி போதும்.

பின் என்னதான் இல்லை? கைப்பழக்கம் இல்லை. சட்டம் படித்த நாமும் பரீட்சையில் தேறிய மறுநாளே நீதிமன்றில் எழுந்து வாதாடிவிடவில்லை; மூத்த வழக்கறிஞர் ஒருவரின் பின்னால் கட்டுச் சுமந்து நின்ற மாதங்களிலேயே தொழில் வந்தது. வட்டையில் இறங்காமல் வரம்பு கட்டப் படித்தவன் எவனாவது உண்டா? இவ்வித்தையும் அவ்வாறே. அணுக்களை எங்கே நிறுத்துவது, காலத்தை எத்தனை சிறு அடிகளாக வெட்டுவது என்பன யாவும் தானே செய்து பார்க்க வேண்டியவை. அடி பெரிதானால் கணக்கு சிதறிப் பொய் சொல்லும். சில வேளை அழகான வரைபடத்தோடேயே பொய் சொல்லும். அப்பொய்யை ஒருமுறை தன் கையாலேயே உண்டாக்கிப் பார்த்த மாணவன்தான் அடுத்தமுறை ஏமாற மாட்டான். கரும்பலகையில் சூத்திரம் எழுதிச் சான்றிதழ் வழங்கும் கருத்தரங்குகளால் இது வாராது.

வறிய நாடுகளுக்கு இது ஆகாதென்பார்க்கு ஆபிரிக்காவைக் காட்டுகின்றோம். பாகிஸ்தானின் ஜங் பகுதியிலிருந்து புறப்பட்ட அப்துஸ் ஸலாம், தாயகத்தில் தனித்துவிடப்படும் விஞ்ஞானியின் துயரைத் தாமே அனுபவித்தவர். அதனாலேயே 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் சர்வதேசப் பௌதிக நிலையத்தை நிறுவினார். அந்நிலையத்தின் துணையோடு 2010இல் கேப்டவுனில் தொடங்கிய ஆபிரிக்கப் பயிற்சிப் பள்ளி, 2012இல் கென்யாவின் எல்டொரெட்டிலும், 2016இல் அக்ராவிலும், 2018இல் அடிஸ் அபாபாவிலும் கூடியது. பொருள்களின் இலத்திரன் அமைப்பைக் கணனியில் கணிக்கும் முறையை மாணவர் அங்கே கணனிமுன் அமர்ந்து கற்றனர். எல்டொரெட்டில் இயன்றது சம்மாந்துறையில் ஏன் இயலாது?

நம் நாட்டிலும் வேர் இல்லாமல் இல்லை. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தில் தென்னக்கோன் குழுவினர் 1995இலேயே திரவம் இல்லாத சாயமூட்டிய சூரிய மின்கலத்தைச் செய்து உலகுக்கு அறிவித்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் புதுவகை மின்கல ஆராய்ச்சி நடைபெறுகின்றது. அதே 1995இல்தான், நம் தொழிலைச் சேர்ந்த மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் தென்கிழக்குக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி கிடைத்தது. அது வளர்ந்து பல்கலைக்கழகமாகி, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இன்று சம்மாந்துறையில் நிற்கின்றது. கட்டிடம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கல்லில் பெயர் பொறிக்க விரும்பும் அரசியல்வாதிகளுக்கு இதனால் ஏமாற்றமே.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அரசகரும மொழித் திணைக்களம் அந்நாளில் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளால் இலத்திரனும் குறைகடத்தியும் தமிழாயின. பன்னிரண்டாம் பதின்மூன்றாம் ஆண்டுகளில் நம் பிள்ளைகள் அச்சொற்களிலேயே சிந்திக்கின்றனர். பல்கலைக்கழக வாயிலில் அச்சொற்கள் பிடுங்கப்பட்டு ஆங்கிலம் கொடுக்கப்படுகின்றது. ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லோம்; உலக விஞ்ஞானம் அம்மொழியில் நடக்கின்றது. ஆயினும் கணக்கு ஏன் சிதறியது என்று ஒரு மாணவி ஆசிரியரைத் தமிழில் கேட்கக் கூசும் வகுப்பில் எந்த வித்தையும் வேர் பிடியாது.

இரண்டு வாரப் பயிற்சியால் வட்டைக்கு மின்சாரம் வந்துவிடும் என்று வாக்களிக்க நாம் தேர்தல் மேடையில் நிற்கவில்லை. ஆனால் ஆராயத்தக்க ஒரு கேள்வி இக்கரையிலேயே கிடக்கின்றது. பெரோவ்ஸ்கைட் எனும் புதுப்பொருளால் ஆன மின்கலத்தின் திறன் 2009இல் 3.8 சதவீதமாயிருந்து இன்று 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஈரக்காற்றோ அதன் பகை. ஈரமும் உப்பும் நிறைந்த காற்றில் வாழ்பவர் நாமன்றோ? நீர் மூலக்கூறு அப்பொருளின் முகப்பில் ஒட்டியபின் அருட்டப்பட்ட இலத்திரனுக்கு என்ன நேர்கின்றது என்று ஒலுவில் மாணவன் கணிக்கட்டும்.

பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக விதைப்புக்கு முன்னர், வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வுள்ள இரண்டு வாரங்களைத் தேர்ந்து சம்மாந்துறையில் இப்பயிற்சியைத் தொடங்குக. வந்தாறுமூலையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மாணவர் வரட்டும். ஹந்தானையிலிருந்து அறிஞர்களை அழையுங்கள். உயர்தரப் பௌதிக ஆசிரியர்க்கும் சில இடங்களை ஒதுக்குங்கள். ஆளுக்கொரு கணனி; மின்வெட்டுக்கு ஒரு மின்பிறப்பாக்கி. கல்முனையில் செயலக எல்லைக் கோட்டை எங்கே இடுவதென்று தமிழரும் முஸ்லிம்களும் ஆண்டாண்டாக வாதாடுகின்றோம். அவ்வழக்கு அதன் வழியே போகட்டும். பல்கலைக்கழக மூதவைக்கும் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பப்படும் இவ்விண்ணப்பத்தில் இரு சாராரும் ஒரே தாளில் கையொப்பமிட வேண்டுமென்று கேட்கின்றோம்.