இலக்கமும் நிபந்தனையும்

பாலையூற்றிலிருந்து சீனக்குடாவுக்குப் போகும் பாதையில் மா மூட்டை அடுக்கிய லொறிகள் எதிர்ப்படாத நாள் அரிது. கடல் கடந்து வரும் கோதுமை சீனக்குடாத் துறைமுகத்தில் இறங்கி, ஆலையில் மாவாகி, தீவெங்கும் பரவுகிறது. வருகின்ற சரக்கின் கதை இவ்வளவு சுலபமானது. போகின்ற சரக்குக்கு அக்கரையில் எத்தனை படலைகள் என்பதை அறிய விரும்புவோர் இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தைப் படிக்கலாம்.

1998 டிசம்பர் 28ஆம் திகதி வாஜ்பாயியும் சந்திரிகா குமாரதுங்கவும் கையொப்பமிட்டு, 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்த அவ்வொப்பந்தம், நமது தேயிலையில் ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோவுக்குத் தீர்வையைப் பாதியாகக் குறைத்தது. ஆயத்த ஆடைகளில் 8 மில்லியன் உருப்படிகளுக்குச் சலுகை தந்தது. இலக்கங்களைக் கேட்டு மகிழாதவர் யார்? ஆனால் ஆடைகளில் 6 மில்லியன் உருப்படிகள் இந்தியத் துணியிலேயே தைக்கப்படவேண்டும் என்றும், தேயிலை கொச்சி, கொல்கத்தா ஆகிய இரு துறைமுகங்களின் வழியாக மட்டுமே உள்ளே புகலாம் என்றும் நிபந்தனைகள் பின்தொடர்ந்தன. இரண்டும் இந்தியத் தேயிலையே மலைபோற் குவிந்து ஏலம் போகும் நகரங்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சொன்னவரின் சாமர்த்தியத்தை வியக்கத்தான் வேண்டும். ஒதுக்கிய அளவில் சிறு பங்கே அக்கரை சேர்ந்தது. 2007இல் துறைமுகக் கட்டுப்பாடு நீங்கியபோது, தொடக்க ஆண்டுகளின் உற்சாகமும் வடிந்துவிட்டிருந்தது.

குற்றமெல்லாம் அக்கரையில் என்பதும் நியாயமன்று. அன்று இந்தியாவில் பாமாயிலுக்குத் தீர்வை அதிகமாகவும் இங்கே குறைவாகவும் இருந்தது. அந்த வித்தியாசத்தையே மூலதனமாகக் கொண்டு, பிறநாட்டு எண்ணெயை இங்கே இறக்கி, வனஸ்பதியாக்கித் தீர்வையின்றி அனுப்பிய ஆலைகள் முளைத்தன. 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்ந்திருக்கவேண்டும் என்ற விதி காகிதத்தில் நிறைவேறியது. இந்திய எண்ணெய் ஆலைக்காரர் கூக்குரலிட்டனர். 2006இல் வனஸ்பதிக்கு 250,000 தொன், மிளகுக்கு 2,500 தொன் என உச்சவரம்பு வந்தது; வனஸ்பதியைக் கொள்வனவு செய்யும் உரிமையும் ஓர் இந்திய நிறுவனத்தின் கைக்குள் அடங்கியது. ஆலைகள் மூடப்பட்டன. சூழ்ச்சி செய்தவர் நஷ்டப்பட்டதில் எனக்கு அனுதாபமில்லை. மாத்தளையிலே மிளகுக்கொடி படரவிட்ட குடியானவனும் அதே வரம்புக்குள் அகப்பட்டதே அநியாயம்.

இப்போது பொருளாதார, தொழினுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை என்னும் பெயரில் மறுபடியும் பேச்சு நடக்கிறது. பேசப் போகும் அதிகாரிகள் இலக்கத்தைவிட நிபந்தனையை முதலில் வாசிப்பார்களாக. கையொப்பத்துக்கு முன்னரே அவ்வரைவைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு, விளைவிப்போர் கண்ணில் படும்படி அரசாங்கம் வெளியிடவேண்டும்.